இடமாற்றம் கேட்டவர்கள்

திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு நான் முதன்முதலாகப் போனது சாமி கும்பிட அல்ல. அக்காவுக்குத் துணையாகப் போனேன். அக்கா என்றால் பெரியம்மா மகள். உக்ரைனில் வின்னிட்சியா நகரத்தில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். 2022 பிப்ரவரி 24-இல் போர் தொடங்கியதும் ருமேனியா எல்லை வரை பஸ்ஸிலும் நடையுமாக வந்து, விமானம் ஏறி, மார்ச் முதல் வாரம் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போனது அதே வருடம் செப்டம்பரில். ஆறு மாதமாக அவள் வீட்டில் ஒரே கேள்விதான். இங்கே ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா, மாட்டார்களா?

கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊர்ப்பா? செங்கல்பட்டா? இந்தக் கோயில்லதான் பிரபாகரன் கல்யாணம் பண்ணாரு, தெரியுமா? எம்பத்தி நாலுல."

தெரியும் என்று தலையாட்டினேன். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். 1984 அக்டோபர் 1, திருப்போரூர், மணமகள் மதிவதனி. அக்காதான் கேட்டாள். "அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

பெரியவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

*

அந்தப் பெண் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவர். கண்டிக்குப் பக்கத்தில், மகாவலி ஆற்றங்கரையில், இலங்கையின் அழகான வளாகம் என்று சொல்லப்படுவது பேராதனை. அவர் கேட்டது பல்கலைக்கழக இடமாற்றம்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழக இடம் என்பது எழுபதுகளிலேயே இனப்பிரச்சினையின் நடுவில் வந்துவிட்டது. தரப்படுத்தல் என்ற முறை வந்தபோது, மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் தேர்வெழுதியவர் 400-க்கு 229 எடுத்தால் போதும், தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும் என்று ஆனது. பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு அது உதவியது, வவுனியாப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் படிப்பை மட்டுமே நம்பியிருந்த வீடுகளுக்கு அது கதவடைப்பாகத் தெரிந்தது. 1974-இல் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979-இல் அது தனிப் பல்கலைக்கழகமானது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பேராதனைக்குப் போய்ச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் இத்தனை சல்லடைகளையும் தாண்டி வந்தவர். 1983 மே மாதம் அங்கே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், விடுதிகளை விட்டு ஓடினார்கள். ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு எட்டும் தூரத்தில், விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து கொழும்பு எரிந்தது. அந்த ஜூலையை நான் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது அதற்கு அடுத்த மாதங்களைப் பற்றி. வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது, தெற்கிலிருந்து வடக்குக்குத் தப்பி வந்திருந்த மாணவர்கள் திரும்பிப் போக மறுத்தார்கள். எங்களை அடித்து விரட்டிய அதே விடுதிக்கு எப்படிப் போவது? தமிழ்ப் பகுதியிலேயே எங்களுக்கு இடம் கொடுங்கள் என்றார்கள். அரசு இணங்கவில்லை.

ஏன் இணங்கவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, நடைமுறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்போது மருத்துவம் உண்டு, கலையும் அறிவியலும் உண்டு. விவசாயம் கிடையாது, பொறியியல் கிடையாது. விவசாய பீடம் 1990-இல்தான் வந்தது. பொறியியல் பீடம் வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981-இல் தொடங்கிய சின்னப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்துக்கு மாணவரை மட்டும் மாற்றி என்ன செய்வது என்ற கேள்வி பொய்யான கேள்வி அல்ல.

இரண்டாவது, அரசியல். இடமாற்றம் கொடுத்தால், தமிழர் தெற்கில் பாதுகாப்பாகப் படிக்க முடியாது என்று அரசே கையெழுத்துப் போட்டதாகிவிடும். நாடு இரண்டு என்பதை ஒரு சேர்க்கைப் பட்டியலில் ஒப்புக்கொண்ட மாதிரி. இது என் ஊகம்தான். ஆனால் முதல் காரணம் மட்டும் என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். ஒரு பீடத்தைக் கட்ட வருடங்கள் ஆகும், ஆனால் பத்துப் பேராசிரியர்களைத் தற்காலிகமாக வடக்குக்கு அனுப்ப அத்தனை நாள் ஆகாது.

1984 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்களில் நான்கு பேர் பெண்கள். மதிவதனி அந்த நால்வரில் ஒருவர். நாட்கள் போயின, உடல்நிலை மோசமானது, அரசிடமிருந்து பதில் இல்லை. அப்போது விடுதலைப் புலிகள் வந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகேற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நான்கு பெண்களும் சென்னையில் அன்டன் பாலசிங்கம், அடேல் பாலசிங்கம் தம்பதியின் பொறுப்பில் தங்கினார்கள்.

இந்தத் தூக்கிக்கொண்டு போனதைப் பற்றி அன்றிலிருந்தே இரண்டு பேச்சு. அரசு அவர்களைச் சாகவிட்டிருக்கும், நாங்கள் காப்பாற்றினோம் என்றது இயக்கம். மாணவர்கள் தாங்களாகத் தொடங்கிய ஆயுதமில்லாத ஒரு போராட்டத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்றனர் மறுதரப்பினர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்றுதான் எனக்குப் படுகிறது. உயிர் பிழைத்தது. கோரிக்கை அங்கேயே நின்றுவிட்டது.

1986 நவம்பரில் அதே வளாகத்தில் விஜிதரன் என்ற மாணவர் காணாமல் போனார். மாணவர்கள் மறுபடி உண்ணாவிரதம் இருந்தார்கள். இம்முறை கேள்வி கேட்கப்பட்டது புலிகளை நோக்கி. விஜிதரன் திரும்பவில்லை. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய விமலேஸ்வரன் 1988-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று, அங்கே உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திரணகம சுடப்பட்டு இறந்தார். இடமாற்றம் கேட்டு மாணவர்கள் படுத்திருந்த வளாகத்துக்கு ஆறே வருடத்தில் இவ்வளவு நடந்துவிட்டது.

*

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் இடையில் நிறுத்தினாள். "மத்த பேருக்கு என்னடா ஆச்சு? உண்ணாவிரதத்துல இல்லாதவங்க. சும்மா வீட்ல வெயிட் பண்ணவங்க."

அதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. சிலர் பயந்துகொண்டே தெற்குக்குத் திரும்பிப் படித்து முடித்தார்கள். சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், ஒன்றல்ல, பல இயக்கங்கள். சிலர் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். சிலர் படகேறி இங்கே வந்தார்கள். 1983-க்கும் 1987-க்கும் இடையில் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகள் 1,34,000 பேர். எம்.ஜி.ஆர். அரசு அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கியது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அந்த ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. கொலைக்கும் முகாமில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற மனநிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. பிற்பாடு அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நடுவில் இருந்த வருடங்களில் பதினேழு வயதானவர்களுக்கு அது திரும்பவில்லை.

எங்கள் செங்கல்பட்டிலேயே ஈழத்தமிழர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன ஊர். அங்கேயும் உள்ளே இருந்தவர்கள் செய்துகொண்டிருந்தது காத்திருப்பதுதான்.

*

உக்ரைன் கதையை யாழ்ப்பாணத்தோடு ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அக்காவை யாரும் தமிழச்சி என்று விரட்டவில்லை. குண்டு எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது. ஆனால் காகிதத்தில் இருக்கிற ஒற்றுமையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்திய அரசு 90 விமானங்களில் சுமார் 22,500 பேரை அழைத்துவந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2,000 மாணவர்கள் திரும்பினார்கள். விமான நிலையத்தில் மாலை, கொடி, கேமரா. அதன் பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்கிறவரை இந்தியக் கல்லூரிக்கு மாற்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடமில்லை, 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் இடமில்லை. 2021 நவம்பரில் வந்த விதிமுறைகள் இன்னும் கறார். குறைந்தது 54 மாதப் படிப்பு, பிறகு 12 மாதப் பயிற்சி, இரண்டும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில். போர் வந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

மேற்கு வங்க அரசு 412 மாணவர்களைத் தன் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. செல்லாது என்றார்கள். தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2022 ஆகஸ்டில் வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்றக் குழுவே, ஒருமுறை மட்டும் விதிவிலக்காகத் தனியார் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. செப்டம்பர் 6 அன்று மருத்துவ ஆணையம், வேறு நாட்டில் போய்ப் படிக்கலாம், பட்டத்தை உக்ரைன் பல்கலைக்கழகமே தரட்டும் என்றது. செப்டம்பர் 15 அன்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. நீட் மதிப்பெண் போதாததாலோ, இங்கே பணம் கட்ட முடியாததாலோ போனவர்கள், இவர்களை உள்ளே எடுத்தால் அது மற்றவர்களுக்கு அநியாயம் என்பது அதன் சாரம்.

நாங்கள் திருப்போரூர் போனது அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை.

"அவங்க சொல்றதுல தப்பு இல்லடா," என்றாள் அக்கா. "எனக்கு நீட்ல மார்க் கம்மிதான். இங்க சேர்ந்தவன் என்னைவிட நல்லா எழுதினவன். அது எனக்குத் தெரியும். ஆனா மூணு வருஷம் படிச்சது எங்க போச்சு? அதுக்கு ஒரு வழி சொல்லலாம் இல்ல?"

வழி இருந்திருக்கிறது. 1947-இல் பிரிவினையில் லாகூரிலிருந்து ஓடிவந்த மாணவர்களுக்குக் கிழக்குப் பஞ்சாப் பல்கலைக்கழகம் அவசர அவசரமாகத் தொடங்கப்பட்டது. தேர்வெழுத முடியாதவர்கள் அகதி முகாம்களில் சேவை செய்ததையே தேர்வுக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள். விதியை வளைக்க அன்றைய அதிகாரிகள் நம்மைவிட நல்லவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

*

கோயிலிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலில் உட்கார்ந்தபோது, பல்லவர் காலத்து மாணவன் ஒருவனின் கதையைச் சொன்னேன். மயூரசர்மன். வேதம் முழுவதும் படிக்க, குருவோடு காஞ்சிபுரத்துக் கடிகைக்கு வந்தவன். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு சண்டை வந்தது. அவமானம் தாங்காமல், தர்ப்பை பிடித்த கையால் வாள் எடுத்தான் என்கிறது கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு. நான்காம் நூற்றாண்டில் கடம்ப அரசு அப்படித்தான் தொடங்கியது. சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலேஜை விட்டுப் போனவன் ராஜாவானான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

இப்போது அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடிகையில் இருந்த மற்ற மாணவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வாள் எடுத்தவன் பெயர் இருக்கிறது. திருப்போரூரிலும் அதேதான். கல்யாணம் பூக்காரருக்குத் தெரிகிறது, கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் முன்பு ஒரு பெண் எதற்காகச் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது தெரியவில்லை. இடமாற்றம் கேட்டாள். விவசாயம் படித்து முடிக்க விரும்பினாள். வரலாற்றில் அவள் வேறு காரணத்துக்காக இடம்பிடித்ததால், அந்த விண்ணப்பம் அடியில் போய்விட்டது.

2023 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவு வந்தது. இந்தியக் கல்லூரியில் சேராமலேயே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரண்டு பகுதிகளையும் இரண்டு வாய்ப்புகளுக்குள் எழுதலாம், பிறகு இரண்டு வருடப் பயிற்சி. அது கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு. மூன்றாம் ஆண்டில் நின்றவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அதற்குள் அக்கா ஜார்ஜியாவுக்குப் போயிருந்தாள். பெரியம்மா இரண்டாம் தடவை நகையை அடகு வைத்தார்.

கிளம்பும் முன்பு அவள் ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலை என்னிடம் கொடுத்தாள். ஆறு மாதத்தில் அவள் அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், பதிவுத் தபால் ரசீதுகள். "தூக்கிப் போடலாம்னு பாத்தேன், மனசு வரல. நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, வச்சுக்கோ," என்றாள்.

வைத்திருக்கிறேன். மொத்தம் இருபத்து மூன்று விண்ணப்பங்கள். பதில் வந்தது இரண்டுக்கு.