மன்னனைத் தேடிய மாநகர்

அரசன் மறைந்தால் மகன் முடிசூடுவான். மகனில்லையேல் தம்பி சூடுவான். அது ஆண்டவன் அளித்த உரிமையென்று அவைப்புலவர் பாடுவர். நாம் படித்த ஏடுகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லின. ஆனால் தோழர்களே, வெறுமையுற்ற அரியணையில் அமர்த்த ஆள் தேடி, ஒரு மாநகரம் தூதனுப்பிய செய்தியைக் காஞ்சியின் கல்லே சொல்கிறது! பட்டுச்சேலை வாங்க வருவோர் ஆயிரவர்; வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரை நின்று நோக்குவோர் எத்தனை பேர்?

கி.பி. 731 அளவில் இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தான். சாளுக்கியர் தாக்குதலால் நலிந்திருந்தது பல்லவ நாடு. நேர்வழியில் முடிசூட யாருமில்லை எனப்பட்டது. மாத்திரரும், மூலப்பிரகிருதியாரும், கல்விக்கழகமாகிய கடிகையைச் சார்ந்தோரும் புறப்பட்டனர். சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியினர் தொலைவில் வாழ்ந்தனர். அவ்வழியின் இரணியவர்மன் முன் சென்று நின்றனர். நாடாள ஒருவரைத் தருக என்றனர்.

இரணியவர்மன் தன் குலத்து வீரரைக் கேட்டான்; மறுத்தனர். மக்களைக் கேட்டான். சீமல்லன் மறுத்தான், இரணமல்லன் மறுத்தான், சங்கிராமமல்லனும் மறுத்தான். மணிமுடி வலிய வருகிறது, வாங்குவாரில்லை! பகை சூழ்ந்த நாட்டின் முடி என்ன எடையென்று அறிந்திருந்தனர் போலும். நான்காம் மகன் பல்லவமல்லன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், நான் போவேன் என்றான். தந்தை கலங்கினான். தூதர் கொணர்ந்தவை யானைத் தலைகள் போலத் தோன்ற, அவை மகன் சூடவிருக்கும் முடிகளே என்று தரணிகொண்ட போசர் என்னும் பெரியவர் தேற்றினார். பிறகு மலை, ஆறு, காடு எனப் பல கடந்து வந்த சிறுவனைப் பல்லவடி அரையர் படையுடன் எதிர்கொண்டார், யானைமேல் ஏற்றினார். வணிகரும் தலைவர்களும் வரவேற்க, நந்திவர்மன் என்னும் பெயரோடு முடிசூடினான்.

எந்த நாட்டிலிருந்து வந்தான்? கம்போசம் என்பர் சிலர், சம்பா என்பர் சிலர். கடல் கடந்த புகழ் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்வெட்டு நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. பெயரின் ஈற்றில் 'வர்மன்' இருப்பதைக்கொண்டு கடலைத் தாண்டிவிட முடியுமா? இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூலெழுதியவர் மீனாட்சி என்னும் பெண்ணறிஞர். நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இந்தக் கதையைக் கல்லில் வெட்டுவித்தவன் யார்? அந்த நந்திவர்மனே! இக்கோயில் அவன் எடுத்தது. தன் வழக்குக்குத் தானே சாட்சி. காசக்குடிச் செப்பேடும் குடிகள் அவனைத் தேர்ந்தனர் என்கிறது. அதுவும் அவன் வெளியிட்டதே. சித்திரமாயன் என்றொரு பல்லவ இளவரசன் பாண்டியர் துணையுடன் எழுந்ததும், நந்திபுரத்தில் நந்திவர்மன் முற்றுகையில் சிக்கியதும், படைத்தலைவன் உதயசந்திரன் விரைந்து மீட்டுச் சித்திரமாயனை வீழ்த்தியதும் உதயேந்திரம் செப்பேட்டில் உள்ளன. சித்திரமாயனே பரமேசுவரவர்மனின் மகனாயிருக்கலாம் என ஐயுறுவோர் உண்டு. அவ்வாறாயின், யாருமில்லை என்ற சொல்லே பொய்யாகும்.

"குடிகள்" என்றதில் யார் யார் அடங்குவர்? கடிகையார் வேதம் கற்றோர். வணிகர் பெயருண்டு, தலைவர் பெயருண்டு. தறியில் அமர்ந்தவனும் ஏர் பிடித்தவனும் எங்கே? நான் கண்ட வாசகத்தில் அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் ஒன்று என்னை நிறுத்துகிறது. வாளால் வென்றவன், வாளால் வென்றேன் என்று எழுதியிருக்கலாம். கடவுள் கனவில் வந்து தந்தார் என்றும் எழுதியிருக்கலாம். மறுக்க அன்று யார் துணிந்திருப்பர்? அவனோ, மக்கள் வந்து அழைத்தார்கள் என்று எழுதினான். அப்படிச் சொன்னால்தான் காஞ்சி ஏற்கும் என அவன் எண்ணியிருக்க வேண்டும். 740 அளவில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் அந்நகரையே கைப்பற்றினான்; பின்னர் திரும்பிச் சென்றான். பன்னிரண்டு வயதில் வந்தவனோ நிலைத்தான். அவனுடைய 65ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மாமல்லபுரத்தில் இருக்கிறது.