பொதுநிலம்: யாருடைய பொது?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசினுடையது. 1979இல் மாநிலச் சட்டமன்றம் அதில் பெரும்பகுதி தனக்கே என்று சட்டமே போட்டது. கால்நடைப் பண்ணையாளர்கள் முன்னின்ற இதற்கு 'சேஜ்பிரஷ் கலகம்' என்று பெயர். சேஜ்பிரஷ் அந்த வறண்ட மண்ணின் புதர். மையத்துக்கு எதிரான விளிம்பின் குரல் என்று நாம் கைதட்டிவிடலாம்தான். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த மண்ணின் மேற்கு ஷோஷோன் பழங்குடியினர் 1863 ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தத்தில் வழிவிட்டார்களே தவிர, நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அது எப்போதோ பறிபோனதாகக் கணக்குப்போட்டு, அதே 1979 டிசம்பரில், இழப்பீடென்று 2 கோடியே 60 லட்சம் டாலரை மத்திய அரசு தன் கருவூலத்திலேயே அவர்கள் பெயரில் வைத்தது. அப்போது அவர்கள் அதைத் தொடவில்லை. அனுமதியின்றி மாடு மேய்த்ததாக வழக்கில் இழுக்கப்பட்டவர்கள் மேரி டான், கேரி டான் என்னும் ஷோஷோன் சகோதரிகள். பணம் கொடுத்தாயிற்று என்று 1985இல் உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கொடுத்ததும் அரசு, அவர்கள் சார்பில் அறங்காவலராக வாங்கிக்கொண்டதும் அரசு!

மத்தியா மாநிலமா என்கிற எதிர்வுக்குள் ஷோஷோனுக்கு இடமே கிடையாது. 'பொது' என்ற சொல் யாரை வெளியே தள்ளி உண்டானது என்று கேட்காதவரை, கூட்டாட்சி பற்றிய பேச்செல்லாம் அடுத்தவன் சொத்துக்கு நடக்கும் பாகப்பிரிவினைதான்.