புலிவேட்டையில் துப்பாக்கித் தேர்வு: குமாவோன் மலைநாட்டுச் சான்றுகள்

முன்னுரை

புலியோடு பொருது பட்ட வீரர்க்குக் கல் நடுதல் தமிழகத்தின் பழைய வழக்கு. கொங்குநாட்டிலும் பிற பகுதிகளிலும் காணப்பெறும் புலிகுத்திக் கற்களில், வீரன் வேலோ வாளோ ஏந்திப் புலியை எதிர்நின்று குத்தும் நிலையில் செதுக்கப்பட்டுள்ளான். கருவியின் குறைக்கு அதனை ஏந்தியவனே தன் உயிரை விலையாகக் கொடுத்தான் என்பதனை அக்கற்கள் உணர்த்தும். துப்பாக்கி வந்தபின் இந்நிலை மாறிற்று. தொலைவில் நின்று சுட்டவன் இல்லம் திரும்பினான். அவனால் புண்பட்டுத் தப்பிய விலங்கின் வாயில் வேறொருவர் பட்டனர். ஆதலின் எவ்விலங்குக்கு எத்துப்பாக்கி என்னும் வினா வேட்டைக்காரனின் வசதியைப் பற்றிய வினா மட்டும் அன்று. காட்டோரத்து மக்களின் உயிரைப் பற்றிய வினாவுமாகும். இக்கருத்தை, இமயமலைச் சாரலில் இன்றைய உத்தராகண்ட மாநிலத்துள் அடங்கிய குமாவோன், கார்வால் பகுதிகளின் வரலாறு கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

குழலும் மருந்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியக் காடுகளில் வழங்கியவை வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கிகளே. குழலின் பருமனைக் குண்டின் எடையால் குறித்தனர். ஓர் இராத்தல் காரீயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எக்குழலுக்குப் பொருந்துமோ அது பன்னிரண்டாம் எண் குழல் எனப்பட்டது. எண் குறையக் குழல் பெரிதாகும். இத்துப்பாக்கிகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்பக் காலம் பிடித்தது. கருமருந்தின் அடர்புகை அடிபட்ட விலங்கைச் சுட்டவன் கண்ணினின்று மறைத்தது. இரட்டைக் குழலை விரும்பியதும், நிரப்பிய மாற்றுத் துப்பாக்கியோடு ஏவலாளைப் பின்னே நிறுத்தியதும் இக்குறைகள் பற்றியே என்க.

1856-ஆம் ஆண்டையொட்டி இலண்டன் நகரத்துப் பர்டி என்பார் விரைவுப் புகைவண்டியின் பெயரைச் சுட்டி ‘எக்ஸ்பிரஸ்’ என வழங்கிய துப்பாக்கி வகை தோன்றிற்று. மிகுந்த மருந்தும் எடை குறைந்த குண்டும் இதன் இயல்பு. குண்டு விரைந்தும் நேராகவும் சென்றது. மானுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் முனையில் குழிவுடைய இலேசான குண்டு புலியின் தோள் தசையிலும் எலும்பிலும் பட்ட அளவில் சிதறிப்போகும். மேற்புண் பெரிதாயினும் உயிர்நிலையை எட்டாது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டையாடிப் பட்டறிவு பெற்ற சாமுவேல் பேக்கர், 1890-இல் வெளிவந்த தம் நூலில் இக்குழிவுக் குண்டினைக் கண்டித்து, 0.577 அங்குலக் குழலில் திண்ணிய காரீயக் குண்டையே புலிக்கு ஏற்றதாக உரைத்தார். விரைவு வேறு, ஊடுருவும் ஆற்றல் வேறு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பின்னர் வந்த கார்டைட்டு என்னும் புகை குறைந்த மருந்து இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தது. 1898-இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட 0.450 அங்குல நைட்ரோ எக்ஸ்பிரஸ் இவ்வகையில் முன்னோடி.

சட்டமும் துப்பாக்கியும்

கருவி வளர்ந்த வரலாறு இதுவாக, அக்கருவி யார் கையில் இருந்தது என்பது அடுத்து ஆராயத்தக்கது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுமென்றது. அதன்வழி வந்த விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்களித்தன. 1907-ஐ ஒட்டி 0.450 அங்குலத் தோட்டாக்களை இந்தியாவுள் கொண்டுவருதல் தடுக்கப்பட்டது. அக்குழலளவு பழைய படைத்துப்பாக்கியின் அளவோடு ஒத்திருந்தமையின், தோட்டாக்கள் கிளர்ச்சி செய்வோர் கைக்குப் போகும் என்று அரசு அஞ்சிற்று. உடனே துப்பாக்கித் தொழிலோர் 0.465, 0.470 முதலிய புதிய அளவுகளைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். எனவே நூல்கள் பரிந்துரைக்கும் வேட்டைத் துப்பாக்கிகளின் அளவு வேறுபாடுகள் யாவும் புலியின் உடலமைப்பை நோக்கி எழுந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. அவற்றுட் சில ஆட்சியாளரின் அச்சத்தால் எழுந்தவை.

1911 திசம்பரில் ஐந்தாம் சார்ச்சு மன்னர் நேபாளத் தராய்க் காட்டில் வேட்டையாடியபோது அறுநூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் வளைந்து நின்றன. 39 புலிகள் வீழ்ந்தன. அவற்றுள் 21 மன்னர் சுட்டவை. விருந்தாக அமைந்த வேட்டையின் நிலை இது. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியை ஒளித்து வைத்திருந்த மலையூர் உழவனின் நிலையோ வேறு.

சம்பாவத்து, 1907

இவ்வேறுபாடு முழுதும் ஒரே நிகழ்ச்சியில் புலப்படுவதைச் சம்பாவத்துப் பெண்புலியின் வரலாற்றில் காணலாம். சிம் கார்பெட்டு தரும் கணக்கின்படி அது நேபாளத்தில் 200 பேரையும் குமாவோனில் 236 பேரையும் கொன்றது. 1907-இல் அதனை வேட்டையாட இசைந்த அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அறிவித்த பரிசுகளை அரசு மீட்டுக்கொள்ள வேண்டும், காட்டிலுள்ள பிற வேட்டைக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்குச் சுடுவோன் எனப் பெயர் பெற அவர் விரும்பவில்லை. பிறர் குண்டுக்குத் தாம் இரையாகவும் விரும்பவில்லை.

காட்டைக் கலைத்துப் புலியை வெளிப்படுத்த ஆட்கள் வேண்டியிருந்தனர். வட்டத்துத் தாசில்தார், உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாம் காணாதார்போல் இருந்துவிடுவதாகவும், வேண்டுவோர்க்கு மருந்தும் அளிப்பதாகவும் அறிவித்தார். 298 பேர் திரண்டனர். அன்று வெளிவந்த துப்பாக்கிகள் ஒரு சட்டத்தின் இருபத்தொன்பது ஆண்டு ஆட்சிக்குப் பின்னும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

கார்பெட்டு அன்று ஏந்தியது 0.500 அங்குலக் கார்டைட்டுத் துப்பாக்கி. மூன்று தோட்டாக்களையே கொண்டு சென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தபின்னும் புலி வீழவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் அடைப்புக்கும் இடையே வெளி தெரிந்தது. மிக அண்மையிலிருந்து வாயை நோக்கிச் சுட்ட குண்டு முன்காலில் பட்டது. முன்னரே பட்ட குண்டுகளால் புலி இறந்தது. நல்ல துப்பாக்கியும் தோட்டாக் கணக்கு தவறின் பயன்படாது என்பதும், பழுதுற்ற துப்பாக்கி மிகக் குறைந்த தொலைவிலும் குறிதவறும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இவற்றினும் முதன்மையான சான்று புலியின் வாயில் இருந்தது. வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியளவும் கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டொன்றே அதற்குக் காரணம் என்றும், இயற்கை இரையைக் கொல்ல இயலாமையின் அது மனிதரை நாடிற்று என்றும் கார்பெட்டு முடிவு செய்தார். ஆயின் 436 உயிர்களின் கணக்கு, யாரோ ஒருவர் என்றோ சுட்டுத் தப்பவிட்ட ஒரு குண்டினின்று தொடங்குகின்றது. 1938-இல் அவர் கொன்ற தாக்குப் புலியின் உடலிலும் இரண்டு பழங்குண்டுப் புண்கள் இருந்தன. இடத்தோளில் சிறுகுண்டுகள் புதைந்து சீழ் வைத்திருந்தது. சிறுகுண்டு இறைக்கும் துப்பாக்கி பறவைக்கும் பன்றிக்கும் உரியது. புலியை அது கொல்லாது, முடமாக்கும்.

உருத்திரப்பிரயாகை, 1918–1926

துப்பாக்கி மிகுந்தால் துன்பம் தீரும் என்று கருதுவார்க்கு உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை விடையளிக்கின்றது. 1918 முதல் 1926 வரை அரசுக் கணக்கின்படி அது 125 பேரைக் கொன்றது. கார்வாலில் அப்போது நடைமுறையிலிருந்த 4,000 உரிமங்களோடு 300-க்கும் மேற்பட்ட சிறப்பு உரிமங்களும் வழங்கப்பட்டன. பொறி, நஞ்சு, இரையோடு பிணைத்த துப்பாக்கி ஆகியனவும் பொய்த்தன. முடிவில் வென்றது ஆயத்தமே. விலங்கு நடக்கும் வழியை அறிந்து, வழியோரத்து மாமரத்தில் பரணமைத்து, கழுத்தில் மணிகட்டிய ஆட்டைக் கீழே நிறுத்தி, துப்பாக்கியில் மின்விளக்குப் பொருத்திக் கார்பெட்டு பல இரவுகள் காத்திருந்தார். 1926 மே 2-ஆம் நாளிரவு மணியொலி கேட்டுச் சுட்ட ஒரே குண்டில் சிறுத்தை வீழ்ந்தது. இருளில் ஐம்பொறிகளுள் செவியே முதலில் உதவும் என்பதனையும் உட்கொண்ட ஏற்பாடு அது.

ஒரு தடையும் விடையும்

ஆட்கொல்லிகள் யாவும் துப்பாக்கியால் ஆயின எனலாமோ எனின், ஆகாது. முக்தேசர்ப் பெண்புலி முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணிழந்து முட்கள் தைத்தமையால் மனிதரைக் கொல்லத் தொடங்கிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் முறைப்படி எரிக்கப்பெறாத பிணங்களைத் தின்றே சிறுத்தைகள் மனித ஊனில் பழகுகின்றன என்று கார்பெட்டு கருதினார். உருத்திரப்பிரயாகையின் கொடுமை 1918-ஆம் ஆண்டு நச்சுக்காய்ச்சலை ஒட்டித் தொடங்கியமை நோக்கத்தக்கது. எனினும், புலிகள் ஆட்கொல்லிகளாதற்குப் பத்தில் ஒன்பது புண்களும் எஞ்சிய ஒன்று முதுமையும் காரணம் என்பது அவர் துணிபு. அப்புண்களுள் முள்ளால் வந்ததை மனிதன் தடுக்க இயலாது. குண்டால் வந்ததைத் தடுத்திருக்கலாம். கருவித் தேர்வு அறத்தோடு தொடர்புறுவது இவ்விடத்திலேயே.

முடிவுரை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைத் துப்பாக்கியின் காலம் முடிந்தது. அவ்வாண்டில் இந்தியாவில் 1,827 எனக் கணக்கிடப்பெற்ற புலிகள், 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682 ஆயின. இரு கணக்கீட்டு முறைகளும் வேறாயினும் வளர்ச்சி உண்மையே. ஆயினும் புலியும் மனிதரும் எதிர்ப்படும் இடங்கள் ஒழியவில்லை. 2021-இல் நீலகிரி மாவட்டத்து மசினகுடி, கூடலூர்ப் பகுதிகளில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட புலியை, யானைகளும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளும் துணையாகப் பல நாள் தேடி, மயக்கூசி செலுத்தி, அக்டோபர் 15-ஆம் நாள் உயிருடன் பிடித்தனர். அதன் உடலிலும் புண்கள் இருந்தன.

குண்டு ஊசியாயிற்று, வினா மட்டும் மாறவில்லை. மருந்தளவு உடலெடைக்குப் பொருந்தாவிடின் ஊசியும் தவறும். தப்பிய விலங்கு மீண்டும் ஊரோரத்திற்கே வரும். கருவி விலங்குக்கு ஏற்றதாதல், ஆயத்தம் நிலத்துக்கு ஏற்றதாதல், தொடங்கியதை முடிக்கும் பொறுப்பு ஏந்தியவனிடம் இருத்தல் ஆகிய மூன்றும் குமாவோன் சான்றுகள் தரும் முடிபுகள். இவற்றுள் ஒன்று குறையினும் அதன் விலையைக் கொடுப்பவர் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குச் செல்லும் எளியோரே. அவர்களுக்குக் கல் நட்டாரும் இலர்.