படைக்குதிரையும் பழகிய குதிரையும்: பாராமகால் எல்லையின் ஒரு வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைக்கு அருகே, ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள சாமல்பட்டி, பழைய ஆவணங்கள் பாராமகால் என்று குறிக்கும் சமவெளியின் ஊர்களில் ஒன்று. அச்சமவெளியிலிருந்து மேற்கே ராயக்கோட்டை வழியாக ஏறிச் சென்றால், ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய மேட்டுநிலம் தொடங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலின் கடுமை தணிந்து, மேய்ச்சலுக்கு இடந்தந்து நின்ற அந்த மேட்டுநிலத்தை இன்று தொழிற்சாலைகளைக் கொண்டே அடையாளம் சொல்கிறார்கள். ஆனால் நூறாண்டுக்கு மேலாக அதன் பெயர் வெளியூர்களில் வழங்கியது குதிரைகளின் பொருட்டே ஆகும். உடல் இயக்கத்திலும் மனவளர்ச்சியிலும் குறைபாடு உள்ளவர்களைத் தாங்கி நடக்கும் சாந்தமான குதிரைகளைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் புதியதாகத் தோன்றினாலும், குதிரையின் குணத்தைத் தேர்ந்து பழக்கும் கலைக்கு இந்த எல்லைப்புறத்தில் நீண்ட முன்வரலாறு உண்டு.

இப்பகுதியில் குதிரைக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று பர்கூரை அடுத்த மல்லப்பாடியின் பாறை ஓவியம். வெண்ணிறக் கோடுகளால் தீட்டப்பட்ட அதில் குதிரையேறிய வீரர் இருவர் பொருதி நிற்கின்றனர். வட்டாரமெங்கும் சிதறிக் கிடக்கும் நடுகற்களிலும் குதிரைவீரர் உருவங்கள் காணப்படுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் குதிரைப்படைகள் கணவாய்கள் வழியே பாராமகாலுக்குள் இறங்கி ஏறின. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. திப்பு வீழ்ந்த 1799இல் ஓசூர் மேட்டுநிலமும் அதனுடன் சேர்ந்தது. அந்தப் போர்களில் கம்பெனிப் படை பட்ட பெரும்பாடு பீரங்கிகளால் வந்ததைவிட விலங்குகளால் வந்தது என்று சொன்னாலும் தகும்: 1791இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன்னிருந்து கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸ் பின்வாங்க நேர்ந்தபோது, இழுவை மாடுகள் பெருந்தொகையாக மடிந்துபோனதால் முற்றுகைப் பீரங்கிகளையே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. நல்ல விலங்குகளைத் தன் பொறுப்பிலேயே வளர்க்க வேண்டும் என்ற படிப்பினையை ஒரு படைக்கு இதைவிட அழுத்தமாக எது கற்பித்திருக்க முடியும்?

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824இல் தோற்றுவிக்கப்பட்ட குதிரைப் பண்ணை இந்தப் பின்னணியில்தான் உருவாயிற்று. பிற்காலத்தில் அது 'ரிமவுண்ட் டிப்போ' என்று பெயர்பெற்றது. படையில் இறந்தும் மூப்படைந்தும் கழியும் குதிரைகளுக்கு மாற்றாகப் புதிய குதிரைகளை வாங்கியோ வளர்த்தோ பழக்கி அனுப்பும் நிலையத்தையே அச்சொல் குறிக்கும். அராபியக் குதிரைகளோடு, 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்ததால் 'வேலர்' என்று அழைக்கப்பட்ட உயர்ந்த குதிரைகளும் சென்னை மாகாணப் படைக்கு வாங்கப்பட்டன. கொள்ளு, கேழ்வரகு முதலிய புன்செய்ப் பயிர்கள் இவ்வட்டாரத்தில் நன்கு விளைவதும் பண்ணைக்கு உதவியது. அவித்த கொள்ளே தென்னிந்தியக் குதிரையின் முதன்மைத் தீனியாக இருந்தமையால்தான் ஆங்கிலத்தில் அப்பயறுக்குக் குதிரைத் தானியம் என்ற பொருளில் பெயர் வாய்த்தது.

அதிகாரிகளின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துவிட்டன. குதிரையின் குணத்தை உண்மையில் வடித்தெடுத்தவர்களோ லாயத்தில் வாழ்ந்தவர்கள். சென்னைப் படையின் வழக்கப்படி குதிரைக்கு ஒரு குதிரைக்காரரும், நாள்தோறும் புல் அறுத்து வரப் புல்லுக்காரர் ஒருவரும் அமர்த்தப்பட்டனர். உடலைத் தேய்த்துவிடுதல், குளம்பைத் தூக்கிப் பார்த்தல், கடிவாளத்துக்கும் சேணத்துக்கும் பழக்குதல், துப்பாக்கி ஓசைக்கு மிரளாமல் நிற்கச் செய்தல் ஆகியவை அவர்கள் முன்னிலையிலும் அவர்கள் கைகளாலும் நடந்தன. காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வால் எப்போது இறுகுகிறது, கண்ணின் வெள்ளை எப்போது தெரிகிறது என்பவற்றைக் கொண்டு அச்சத்தை முன்கூட்டியே அறிவது அவர்களுக்கு அன்றாடக் கல்வியாக இருந்தது. எழுதப்படாமலே போன அந்தக் கல்வி, இந்த வட்டாரத்தின் பெரிய இழப்புகளுள் ஒன்று.

குதிரையைத் தேர்வதற்கு நாட்டுப்புறத்தில் இருந்த அளவுகோல் வேறானது. உடலில் மயிர் சுழன்று வளரும் இடங்களைக் கொண்டு நன்மை தீமை கணிக்கும் சுழி பார்த்தல், குதிரை வாங்குவோரிடையே இன்றும் வழக்கொழியவில்லை. ஈரோடு மாவட்டத்தின் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகளைச் சுற்றி நிற்போர் சுழி பேசாமல் விலை பேசுவதில்லை. எனினும் ஊர்மக்கள் மிகுதியாகப் பழகிய குதிரை, ஜட்கா வண்டி இழுத்த மட்டக்குதிரையே. நெரிசலான தெருவிலும் இரயில் நிலைய வாசலிலும் இரைச்சலுக்கு அசையாமல் நின்று, கிழவரும் குழந்தையும் ஏறி இறங்கும் வரை பொறுத்திருந்த அந்தச் சிறிய குதிரை, வீரத்துக்காகப் பாடப்பட்டதில்லை. ஆயினும் சிகிச்சைக்கு உகந்த குதிரையிடம் இன்று எதிர்பார்க்கப்படும் பொறுமை, தமிழகத் தெருக்களில் முதலில் அதனிடமே காணப்பட்டது என்று கருத இடமுண்டு.

குதிரையேற்றம் மருத்துவத்தின் துணையாக வளர்ந்த வரலாறு ஐரோப்பாவைச் சேர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் விடாது பயின்றார். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட அவர், 1952ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையின் நடைப்பயிற்சியை மதிப்பிடும் டிரெசாஜ் என்னும் போட்டியில், ஜூபிலி என்ற குதிரையுடன் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் பெண்கள் ஆண்களுடன் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. 1956லும் அவர் வெள்ளி பெற்றார். அதன் பின் ஸ்காண்டினேவிய நாடுகளிலும் பிரிட்டனிலும் இயன்முறை மருத்துவர்கள் குதிரையின் பக்கம் திரும்பினர். 1969இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இதற்கெனத் தனிச் சங்கங்கள் அமைந்தன. 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா பாராலிம்பிக்கில் குதிரையேற்றமும் சேர்ந்தது.

இச்சிகிச்சை இயங்கும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. நடக்கும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமுமாக ஒரே நேரத்தில் அசைகிறது. அந்த அசைவு மனிதன் நடக்கும்போது அவனது இடுப்பு அசைவதை வெகுவாக ஒத்திருக்கிறது. தானாக நடந்தறியாத குழந்தையின் இடுப்பும் முதுகெலும்பும் அதனால் நடையின் தாளத்தை உணர்கின்றன, ஒவ்வோர் அடிக்கும் நிமிர்ந்து சமநிலை காக்க அதன் தசைகள் வேலை செய்கின்றன, குதிரையின் உடற்சூடு இறுகிய தொடைத் தசைகளைச் சற்றே தளர்த்துகிறது. இயன்முறை மருத்துவர் போன்ற வல்லுநர் குதிரையின் அசைவையே மருந்தாகக் கையாள்வது ஹிப்போதெரபி எனப்படும். குதிரை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. குதிரையேற்றத்தைக் கற்பிப்பதன் வழியே உடலையும் உள்ளத்தையும் தேற்றுவது சிகிச்சைக் குதிரையேற்றம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் உட்காரும் நிலையிலும் சமநிலையிலும் பயன் விளைவதற்குச் சான்றுகள் ஓரளவு உறுதியானவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய முடிவுகள் நம்பிக்கை தருவனவாக இருந்தும் அந்த அளவுக்கு இன்னும் திரளவில்லை. இடுப்பு மூட்டு நழுவியவர்களும், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களும், டவுன் சிண்ட்ரோமுடன் கழுத்தெலும்பு உறுதியற்றவர்களும் ஏறலாகாது என்பதால், மருத்துவரின் இசைவு முதல் நிபந்தனையாகிறது.

இங்கே குதிரையைத் தேரும் அளவுகோல் படையின் அளவுகோலைத் தலைகீழாக்கிவிடுகிறது. வேகமும் துடிப்பும் குறையாகின்றன. இளங்குதிரையைவிட உலகம் கண்ட நடுவயதுக் குதிரை மேலாகிறது. இருபுறமும் ஒத்த நடையும், பக்கத்தில் நடப்பவரின் கை ஏறியவரின் இடுப்பைத் தாங்கும்படியான மிதமான உயரமும் வேண்டப்படுகின்றன. சக்கர நாற்காலி உருண்டு வந்தாலும், ஊன்றுகோல் விலாவில் பட்டாலும், குழந்தை திடீரெனக் கூச்சலிட்டுப் பிடரிமயிரைப் பற்றி இழுத்தாலும் அது நிலைகுலையக் கூடாது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளை இப்பணிக்கு மாற்றும் முயற்சி போற்றத்தக்கது. ஆனால் ஓடுவதற்கென்றே தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட அவற்றுள் எல்லாமே இதற்கு இணங்கிவிடும் என்று நம்புவது ஏறுபவருக்கும் குதிரைக்கும் தீங்காகும். சாந்தமான குதிரை உணர்ச்சியற்ற குதிரையன்று. ஒருபக்கம் சரிந்து உட்காரும் உடலைச் சுமப்பது அதன் முதுகுக்குக் கடினம். ஒரே வட்டத்தில் நாள் முழுதும் நடப்பது அதன் மனத்துக்கும் கடினம். அதனால் அமர்வுகள் பெரும்பாலும் அரைமணியளவில் முடிக்கப்பட்டு, குதிரைக்கு மேய்ச்சலும் ஓய்வும் தரப்படுகின்றன. கடிவாளம் பிடித்து முன்னே நடப்பவர் ஒருவரும் இருபக்கமும் துணைவருவோர் இருவருமாக ஒரு குழந்தைக்கு மூவர் தேவைப்படுவதும், சக்கர நாற்காலியிலிருந்து நேராக ஏறச் சாய்தளம் அமைக்க வேண்டியிருப்பதும் இச்சிகிச்சையைச் செலவு மிக்கதாக்குகின்றன.

இந்தியாவில் இது பெருநகரங்களின் குதிரையேற்றப் பள்ளிகளைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. இவ்வட்டாரத்தார் சிகிச்சைக் குதிரையேற்றத்தை நாடினால் பெங்களூரையே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சாமல்பட்டியிலிருந்து கணக்கிட்டால் அது ஏறக்குறைய மும்மடங்காகும். வாரந்தோறும் தொடர்ந்தாலன்றிப் பயன் தராத ஒன்றுக்காக, ஒருநாள் கூலியை இழந்து, நிமிர்ந்து உட்கார இயலாத பிள்ளையைப் பேருந்தில் தூக்கிச் செல்வது எந்தத் தாய்க்கும் எளிதன்று.

மத்திகிரிப் பண்ணையோ 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே படையிடமிருந்து குடிமைத் துறைக்கு மாறி, மாடுகளுக்குப் பெயர்பெற்ற கால்நடைப் பண்ணையாயிற்று. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் நூல் வெளியிட்ட லிட்டில்வுட் அங்கே பணியாற்றியவர். குதிரை அங்கிருந்து முற்றாக மறைந்துவிடவும் இல்லை. கத்தியவார் இனக் குதிரைகள் அப்பண்ணையில் வளர்க்கப்பட்டு வந்துள்ளன. லாயமும் மேய்ச்சல் நிலமும் கால்நடை மருத்துவரும் உள்ள அந்த இடத்தில் இல்லாதவை, ஒரு சாய்தளமும், குதிரையின் நடையை அறிந்த ஓர் இயன்முறை மருத்துவரும், ஒரு குழந்தையின் இருபுறமும் நடந்துவரப் பயின்ற சில கைகளுமே.