அடோபி ஆர்ஜிபி (1998): பெயர் மாறிய ஒரு பிழை

போட்டோஷொப்பின் நிறத் தெரிவுகளுக்குள்ள போனால் 'அடோபி ஆர்ஜிபி (1998)' எண்டு ஒண்டு நிற்கும். பெரிய ஆய்வில பிறந்த தரம் எண்டுதான் பலரும் நினைப்பினம். அப்படியில்லை.

1998இல் வந்த போட்டோஷொப் 5.0இல் ஒரு நிறவெளிக்கு 'எஸ்எம்பிடிஈ-240எம்' என்ற தொலைக்காட்சித் தரத்தின் பெயர் இருந்தது. எண்களை அடோபி பொறியியலாளர்கள் தர ஆவணத்தின் பின்னிணைப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். அவை தரத்தின் எண்களே அல்ல. போதாக்குறைக்குப் படியெடுத்ததிலும் ஒரு பிழை. திருத்தப் பார்த்தார்கள், அச்சுக்கு மாற்றும்போது நிறம் இன்னும் மோசமானது. எச்பியும் மைக்ரோசொஃப்ட்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத, அச்சு மையால் காட்டக்கூடிய நீலப்பச்சைகள் இந்தப் பிழைக்குள் அடங்கின. கடைசியில் பெயரை மட்டும் மாற்றினார்கள்.

இதில சேமிச்ச படத்தை ஸ்டூடியோக் கணினி எஸ்ஆர்ஜிபி எண்டு வாசிச்சால் கலியாண அல்பத்தில சிவப்புக் கூறை மங்கிப்போகும், முகம் வெளிறும். பழி பிரிண்டருக்கு!