தொண்டைக்குள் ஓர் இழை

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலைத் தேர்தலுக்குச் செய்த ஏற்பாடுகளெல்லாம் அங்கே கல்லில் வெட்டியிருக்கின்றன. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு இந்தப் பக்கத்து ஊர்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கல் அல்ல, குரல். பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் இரவு தொடங்கும் பாட்டு பொழுது விடிகிற வரையில் ஓயாது. மைக் வந்த பிறகும் கூத்து வாத்தியார்கள் உச்ச ஸ்தாயியைக் கைவிடவில்லை.

எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் துரியோதனன் வேஷம் கட்டியவர். அவருடைய கழுத்தின் முன்புறத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு கழலை கிளம்பிற்று. வேஷம் கட்டினால் மாலைக்குள் மறைந்துவிடும். ஆகவே இரண்டு வருஷம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஆன பிறகுதான் டாக்டரிடம் போனார். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

"உசுரு போறதப் பத்தி ஒண்ணும் இல்ல, தம்பி. கொரலு போயிட்டா என்னா பண்றது?" என்று என்னிடம் கேட்டார்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. டாக்டர் சிநேகிதர் ஒருவரைத் தொந்தரவு செய்தும் புத்தகங்களைப் புரட்டியும் பார்த்தேன். வாத்தியார் பயந்தது வீண் பயம் அல்ல.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக் குழாயைத் தழுவிக்கொண்டிருக்கிறது தைராய்டு சுரப்பி. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு அதன் முதுகை ஒட்டித்தான் ஏறுகிறது. அந்த நரம்பு வருகிற வழி வேடிக்கையானது. மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்போடு சேர்ந்து, தான் போக வேண்டிய குரல்வளையைத் தாண்டி மார்புக்குள் போய்விடுகிறது. இடது பக்கத்து நரம்பு இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவைச் சுற்றுகிறது. வலது பக்கத்து நரம்பு வலக்கைக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுற்றுகிறது. பிறகு இரண்டும் திரும்பி மேலே வருகின்றன. வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த ஊர் போய், அங்கே சத்திரத்தை ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு வீடு திரும்புகிற மனிதரைப் போல! ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த யாத்திரை பல அடி நீளம். ஒரு பக்கத்து நரம்பு அறுந்தால் குரல் கம்மிப் போகும். இரண்டும் போனால் மூச்சுக்கே ஆபத்து.

இதை முதலில் உலகத்துக்குக் காட்டியவர் கேலன் என்ற கிரேக்க வைத்தியர். கண்டமாலையைப் பிடுங்கி எடுக்கிறேன் என்று யாரோ ஒரு வைத்தியன் நரம்பையும் சேர்த்துப் பிடுங்கியதால் பேச்சிழந்த சிறுவனைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரிப் பெரிய மனிதர்களின் முன்னால், கத்துகிற பன்றியின் கழுத்தில் அந்த நரம்பை நூலால் கட்டினார். பன்றி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. கட்டை அவிழ்த்தார். மறுபடியும் கத்திற்று. குரல் இருதயத்திலிருந்து பிறக்கிறது என்று வாதாடியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அறிந்தும் பலன் என்ன? 1850 வாக்கில்கூடக் கழலை ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பேரில் நான்கு பேர் பிழைக்கவில்லை. உயிரே நிச்சயமில்லாதபோது குரலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஸ்விட்சர்லாந்தில் தியோடர் கோக்கர் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, பொறுமையாகச் செய்து அந்த மரண பயத்தை ஓட்டினார். 1909ல் நோபல் பரிசும் பெற்றார். அதற்கப்புறம்தான் குரலின் முறை வந்தது.

ஆனால் டாக்டர்களில் பலர் ஒரு விசித்திரமான கொள்கை வைத்திருந்தார்கள். நரம்பைத் தேடாதே, தேடினால் காயப்படும். சுரப்பியின் பின்பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு ஒதுங்கிப் போ என்பதுதான் அது. பாம்பு இருக்கிற புற்றைச் சுற்றிப் போகிற புத்தி. பாஸ்டன் நகரத்து பிராங்க் லேஹி 1938ல் இதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு ஆபரேஷனிலும் நரம்பைத் தேடிப் பிடித்துக் கண்ணால் பார்த்த பிறகே கத்தியை ஓட்ட வேண்டும் என்று, ஆயிரக்கணக்கான ஆபரேஷன்களின் அனுபவத்தை வைத்துச் சொன்னார். பார்க்காததுதான் அறுபடுகிறது என்பது அவர் கட்சி. அதுவே ஜெயித்தது.

ஆனால் இன்னொரு இழை இருந்தது. மேலேயிருந்து வரும் அந்த மெல்லிய கிளை, குரல் நாணை இழுத்து முறுக்கேற்றுவது. அது போனால் பேச்சு வரும். உச்சத்து சங்கதி வராது. இதற்கு உதாரணமாக டாக்டர்கள் வெகு காலம் சொல்லிவந்தது இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி குர்ச்சியின் கதை. நம் பரமஹம்ச யோகானந்தரின் சிஷ்யை அவர். 1935ல் சிகாகோவில் கழலையை எடுத்தார்கள்; 1936ல் மறுபடி மேடையேறியபோது பழைய குரல் இல்லை; நரம்பு அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கதாசிரியனுக்கு வாய் ஊறுகிற கதை! 2001ல் இருவர் பழைய பத்திரிகை விமரிசனங்களைத் தேடிப் படித்துவிட்டு, ஆபரேஷனுக்கு வெகு முன்பே அவருடைய சுருதி தளர்ந்திருந்தது, நரம்பு அறுந்ததற்குத் தக்க சாட்சி இல்லை என்று எழுதினார்கள். கதை பொய்யாக இருக்கலாம். அதைக் கேட்டு எத்தனையோ டாக்டர்கள் அந்த இழையின் பக்கம் கத்தியை ஜாக்கிரதையாகக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் மெய்.

இப்போது யந்திரமும் இருக்கிறது. மயக்கத்தில் மூச்சுக்காக வைக்கும் குழாயில் மின் தகடு பதித்து, நரம்பைச் சிறு மின்சாரத்தால் தொட்டால் 'டிக்' என்று சத்தம் வரும். கேலனின் பன்றிக்குப் பதில் யந்திரம் கத்துகிறது. ஆனால் கண்ணால் தேடுகிற வேலையை அது ஏற்றுக்கொள்வதில்லை.

வாத்தியாருக்கு ஆபரேஷனுக்கு முன்பே தொண்டைக்குள் பார்த்துக் குரல் நாண்கள் அசைகின்றனவா என்று பரீட்சை செய்தார்கள். கண்ணாடி வைத்து இப்படிப் பார்க்கலாமென்று 1854ல் கண்டுபிடித்தவர் மானுவேல் கார்ஸியா, டாக்டரல்ல, பாட்டு வாத்தியார். இதைச் சொன்னதும் நம்மவருக்குப் பாதி பயம் போய்விட்டது. "நம்ம ஜாதி ஆளு!" என்றார்.

மயக்கம் தெளிந்ததும், ஏதாவது பேசுங்கள் என்றாராம் டாக்டர். இவர், "பசிக்குது" என்றாராம். குரல் இருந்தது.

அடுத்த பங்குனியில் துரியோதனனாக வந்தார். சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தது. ஹார்மோனியக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே வாத்தியார் தாமாகவே சொன்னார்: "அறுபத்திரண்டு ஆவுது தம்பி. இன்னும் அதே கட்டையில பாடணும்னா எப்பிடி?"