வாக்குத்தத்த அட்டையும் வாசிப்பு அட்டவணையும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிகிற நேரத்தில் கோவை வட்டாரத்துச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சுங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டை பீரோக் கண்ணாடியிலோ வேதாகமத்தின் முதல் பக்கத்திலோ இடம்பிடித்துவிடும். அதே வாரத்தில் இன்னொரு தாளும் சிலர் கைக்கு வருகிறது. அது ஆண்டு முழுவதற்குமான வேத வாசிப்பு அட்டவணை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷத்தில் முடிவது. மதுக்கரையில் நான் அறிந்த வீடுகளில் அட்டை டிசம்பர் வரை அப்படியே இருக்கும். அட்டவணை பிப்ரவரிக்குள் காணாமல் போயிருக்கும்.

இரண்டிலும் இருப்பது வேத வசனம்தான். இரண்டையும் கையில் எடுப்பவர் ஜெபிக்கத்தான் எடுக்கிறார். ஆனாலும் பத்து வருஷம் அட்டையை மட்டும் பற்றிக்கொண்டு வாழ்ந்தவரும், பத்து வருஷம் அதிகாரம் அதிகாரமாக வாசித்து வந்தவரும் ஒரே மாதிரியான மனிதர்களாக இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒன்று நம்மைத் தேற்றுகிறது. மற்றது தேற்றுவதோடு நிற்காமல் திருத்தவும் செய்கிறது. இது போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பதால் இரண்டின் பிறப்பையும் நடப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நாளுக்கு ஒரு வசனம் என்பது வாட்ஸ்அப் காலத்துப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனியில் இருக்கிறது. 1718இல் போகாட்ஸ்கி என்ற பக்தர், நாள்தோறும் ஒரு வசனமும் சிறு தியானமுமாக ஒரு நூலை வெளியிட்டார். பத்து வருஷம் கழித்து, 1728 மே 3ஆம் தேதி மாலை, ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் ஸின்ஸென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வரியைச் சபையாருக்குக் கொடுத்தார். மறுநாள் காலையில் சகோதரர்கள் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்த வழக்கம் 1731இல் புத்தகமாயிற்று. இன்றுவரை ஆண்டு தவறாமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தப் புத்தகம் வருகிறது. ஸின்ஸென்டார்ஃப் ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனரிகளின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய மொரேவியச் சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். அதே தரங்கம்பாடியில்தான் மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் பாதியில் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டை அவருக்குப் பின் வந்த ஷுல்ட்சே நிறைவு செய்தார். ஹெர்ன்ஹூட்டில் ஒரு வரி வீடு வீடாகப் போன 1728ஆம் ஆண்டில்தான் அந்தப் பணி முடிந்து முழு வேதாகமமும் தமிழருக்கு அச்சில் கிடைத்தது.

ஹெர்ன்ஹூட்டில் அந்த வரி ஊர் முழுவதற்கும் ஒன்றாக இருந்தது. எனக்கு ஒன்று, அடுத்த வீட்டுக்காரருக்கு வேறொன்று என்ற பேச்சே இல்லை. கொண்டுபோன சகோதரர் வசனத்தைச் சொல்லிவிட்டு அந்த வீட்டின் நிலைமையையும் விசாரித்து வந்தார். நம்முடைய அட்டை இதில்தான் விலகிவிட்டது. தட்டிலிருந்து எடுப்பது 'எனக்கு' வந்த வசனமாகிறது. அச்சடிப்பவரும் வாங்குபவர் மனம் அறிந்து ஆசீர்வாத வசனங்களாகப் பார்த்துத்தான் தொகுக்கிறார்.

அட்டவணைக்கும் நீண்ட பரம்பரை உண்டு. 1549இல் வந்த ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம், தினமும் காலையிலும் மாலையிலும் வாசித்து, பழைய ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையும் புதிய ஏற்பாட்டை மூன்று முறையும் சங்கீதங்களை மாதம் ஒரு முறையும் முடிக்கும்படி ஒழுங்கு செய்தது. தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்த ஓடைகளில் அதுவும் ஒன்று. கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1969இல் வந்த வாசக ஒழுங்கு இருக்கிறது. நாள்தோறும் பூசைக்குப் போகிறவர் தாம் தேர்ந்தெடுக்காத பகுதியைத்தான் கேட்டுவிட்டு வருகிறார். ஆனால் நம் கைக்கு வரும் அட்டவணைகள் பலவற்றுக்கு முன்னோடி, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஊழியம் செய்து 29 வயதிலேயே இறந்துபோன ராபர்ட் மர்ரே மெக்ஷைன். 1842இல் தம் சபைக்கு அவர் வகுத்துக் கொடுத்த திட்டத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும்.

இனி நடப்பைப் பார்ப்போம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில், கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனத்தை அறியாதவர் இல்லை. உபாகமம் 28:13. வீட்டுச் சுவரிலும் லாரிக் கண்ணாடியிலும் அதைப் பார்க்கலாம். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள் இருக்கின்றன. முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம். மீதி 54 வசனங்களும், கீழ்ப்படியாமல் போனால் வந்து சேரும் கேடுகள். அந்த 13ஆம் வசனத்துக்குள்ளேயே கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனை இருக்கிறது. அட்டையில் பெரும்பாலும் வாக்குத்தத்தப் பகுதி மட்டுமே அச்சாகிறது. இன்னொன்று எரேமியா 29:11. தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று ஆறுதல் தரும் வசனம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் வேலை தேடும் மகனுக்கும் இதையே சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம், இது நிறைவேற எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், அந்நிய தேசத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அட்டையை மட்டும் வாசித்தவர் இந்த மாதமே வழி திறக்கும் என்று காத்திருப்பார். அதிகாரத்தை வாசித்தவர், பொறுமையாக இரு, பிடிக்காத ஊரிலும் நன்மை செய் என்ற செய்தியோடு எழுந்திருப்பார். பொறுமை என்ற குணம் இவருக்குள்தான் வேர்விடும்.

ஒற்றை வசனத்தின் ஆபத்தை வேதமே காட்டுகிறது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் 91ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தை எடுத்துத்தான் பேசினான். நம் வீடுகளில் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம் அது. தூதர்கள் தாங்குவார்கள் என்ற இடத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான். அடுத்த வசனம் சர்ப்பத்தை மிதிப்பதைப் பற்றியது. இயேசு மூன்று முறை பதில் சொன்னார். மூன்றும் உபாகமத்தில் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய பதில்களாக எனக்கு அவை படவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் உள்ளத்தில் ஏற்றியிருந்தவர் பேசிய பேச்சாகத்தான் படுகிறது. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இந்த வார்த்தைகளைப் பேசு என்று சொல்வதும் அதே 6ஆம் அதிகாரம்தான்.

ஆதியாகமம் தொடங்கி நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் என்று போனால் பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமம் 19 வரும். பலர் அதற்கு முன்பே, பலிகளின் விவரத்தில் சலித்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலை வரை வைத்திருக்காதே என்று அந்த அதிகாரம் சொல்கிறது. எடைக்கல்லும் படியும் நேர்மையாக இருக்கட்டும் என்கிறது. மனதில் பகை வைக்காதே, முதியவர் வந்தால் எழுந்து நில், உன் தேசத்தில் தங்கும் அந்நியனை உன் சொந்த ஜனத்தைப் போல் நடத்து என்கிறது. மதுக்கரை சுண்ணாம்புக்கல்லை நம்பி வளர்ந்த ஊர். 1934 முதல் இங்கே சிமெண்ட் ஆலை இருக்கிறது. வார முடிவில் கூலி கொடுக்கும் மேஸ்திரிகளும் பட்டறைக்காரர்களும் நம் சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் கோவை முழுக்க வேலை செய்கிறார்கள். இந்த வசனங்களை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அட்டவணைப்படி வாசிக்கிறவருக்கு இவற்றைத் தவிர்த்துப் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லவராக இருப்பதும் சனிக்கிழமை கூலியை முழுதாகக் கொடுப்பதும் ஒரே மனிதரிடம் சேர்வது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இதனால் அட்டையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுத்து தெரியாத அம்மிச்சிமார் ஒரே வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு புருஷனின் சாவையும் பிள்ளைகளின் கடனையும் தாண்டி வந்திருக்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும்போது நான்கு அதிகாரங்களை யாராலும் வாசிக்க முடியாது; ஒரு வரி போதும், அதுவே பெரிது. பயணம் கிளம்பும்போது 121ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லும் வீடுகளை அறிவேன். எட்டே வசனங்கள்தான், அந்தப் பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் போய், விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வாசியுங்கள் என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு.

அட்டவணைக்கும் நோய் உண்டு. மெக்ஷைனே தம் திட்டத்தைக் கொடுத்தபோது அதன் ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்தோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். இந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். நான்கு அதிகாரங்களுக்கும் டிக் போட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் மருமகளிடம் சிடுசிடுக்கிறவரை அந்த வாசிப்பு எங்கேயும் தொடவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் தன் சாயலை மறந்துவிடுகிற மனிதனை யாக்கோபு தம் நிருபத்தில் காட்டுகிறாரே, அந்த மனிதன் இவர்தான்.

வாசிப்பு மனிதரைத் தொடுவது ஜெபத்தில்தான். இரண்டு பழக்கங்களும் வெகுதூரம் பிரிவதும் அங்கேதான். அட்டையைக் கையில் வைத்து ஜெபிக்கிறவர், "ஆண்டவரே, நீர் சொன்னீரே, செய்யும்" என்று கேட்கிறார். நல்ல ஜெபம்தான், விசுவாசம் இல்லாமல் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் வருஷம் முழுக்க அது ஒன்றே ஜெபமானால், நமக்கு வேண்டியதை மட்டுமே கேட்கப் பழகிவிடுகிறோம். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் 1841இல் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டதை எழுதியிருக்கிறார். அதுவரை காலையில் எழுந்ததும் ஜெபத்தில் இறங்குவார். மனம் அலைந்துகொண்டே இருக்கும். பிறகு வேதத்தை முதலில் திறந்து, சிறு பகுதியாக வாசித்து, ஒவ்வொரு வசனத்தையும் அசைபோடத் தொடங்கினார். அறிக்கையோ நன்றியோ பிறருக்கான விண்ணப்பமோ, வாசித்ததிலிருந்தே பிறந்தது. அவர் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. புத்தகத்தை முறையாக வாசித்துக்கொண்டும் போனார்.

இரண்டும் சேர்ந்த முழு உருவத்தைத் தானியேல் 9ஆம் அதிகாரத்தில் பார்க்கிறேன். அவர் எரேமியாவின் எழுத்துகளை வாசித்து எழுபது வருஷக் கணக்கை அறிந்துகொள்கிறார். நாம் அட்டையில் அச்சடிக்கும் வசனத்துக்கு முந்தைய வசனம் சொல்லும் அதே எழுபது வருஷம். வாக்குத்தத்தம் நிறைவேறும் காலம் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? உபவாசித்து, இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, 4ஆம் வசனத்திலிருந்து 19 வரை ஜெபிக்கிறார். "நாங்கள் பாவம் செய்தோம்" என்பதே அந்த ஜெபத்தின் சாரம். மற்றவர்கள் செய்த தவறையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு நிற்கிறார். மூன்று அதிகாரங்களுக்கு முன்னால் இதே மனிதரைப் பற்றி வேறொரு செய்தி இருக்கிறது: அவர் ராஜ்யத்தின் உயர் அதிகாரி, எதிரிகள் அவருடைய வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றவரின் அலுவலகக் கணக்கு அப்படி இருந்தது.

ஆகவே ஷிப்டுக்குப் போகிற வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். நான்கு அதிகாரங்கள் முடியாவிட்டால் ஒன்று போதும். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்றேகால் வருஷத்தில் முடியும், அவசரமே இல்லை. வாசிக்கத் தெரியாதவர் கேட்கலாம். தமிழ் வேதாகமம் முழுவதும் செல்போனில் ஒலியாகவே கிடைக்கிறது. அன்று மனதில் பட்ட வசனத்தை அந்த அதிகாரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே அதிகாரத்தை வாசித்தால், மெக்ஷைன் விரும்பியதைப் போலப் பெற்றோரும் பிள்ளைகளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் முடியும்.

அட்டையில் உபாகமம் 28 வந்தவர்கள் அந்த 68 வசனங்களையும் ஒரு மாலை குடும்ப ஜெபத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தமாக வாசிக்கலாம். பாதியிலேயே ஏதாவதொரு பிள்ளை, "ஏம்ப்பா, சாமி இத்தனை பயங்கரமா சொல்றாரு?" என்று கேட்கும். அதற்கு அந்த அதிகாரத்தில் பதில் இல்லை. மனந்திரும்பி வருகிறவர்களைத் தேவன் மறுபடியும் சேர்த்துக்கொள்வதைச் சொல்லும் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதுவரை போக இன்னும் இரண்டு மாலைகள் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.